அக்கா பொண்ணுக்கு எஸ்எஸ்என் (சோசியல் செக்யூரிட்டி நம்பர்) இல்ல, 12வது படிக்கிறா. காலேஜ் உதவித்தொகைக்கு வழி இருக்கா? (கலிஃபோர்னியா)

பவளமல்லி | 2025 ஜனவரி 12

வணக்கம். நேர்ல யார்கிட்டயும் கேக்க முடியாத விசயம், அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

என் அக்கா பொண்ணு 2013ல இங்க வந்தப்ப அவளுக்கு 6 வயசு. அத்தான் எச்1 (வேலை விசா), அக்காவும் புள்ளயும் எச்4 (அவரோட விசாவ நம்பி இருக்கற குடும்ப விசா). 2017ல அவருக்கு வேலை போச்சு, 60 நாளுக்குள்ள வேற எடம் கிடைக்கல, அவரு ஊருக்குக் கிளம்பிட்டாரு. அக்கா மட்டும் "புள்ள படிப்ப நடுவுல நிறுத்த வேணாம், ரெண்டு மாசத்துல வேற வேலை வாங்கிட்டு அவரு திரும்ப வந்துருவாரு"ன்னு இங்கயே தங்கிட்டா. அந்த ரெண்டு மாசம் இப்ப ஏழு வருசத்துக்கு மேல ஆயிருச்சு. ஒரு கடையோட சமையல்கட்டுல வேலை பாக்குறா, கைல காசு. நான் சான் ஹோசேல இருக்கேன், அவங்க ஸ்டாக்டன் பக்கம்.

புள்ள நல்லா படிக்கிறா, 3.7 ஜிபிஏ (மார்க் சராசரி). ரெண்டு கால் ஸ்டேட்டுக்கும் ஒரு யூசிக்கும் (ரெண்டுமே கலிஃபோர்னியா அரசு யுனிவர்சிட்டிங்க) அப்ளை பண்ணியாச்சு. போன வாரம் ஸ்கூல்ல எல்லாரையும் லேப்டாப்ப திறக்கச் சொல்லி ஒரே பீரியட்ல ஃபாஃப்சா (காலேஜ் உதவித்தொகை ஃபார்ம்) போட வெச்சிருக்காங்க. குடியுரிமை கேள்வி வந்ததும் இவ அப்படியே உக்காந்துட்டா. பக்கத்துல இருந்த பொண்ணு "சிட்டிசன்னு அழுத்து, எல்லாரும் அதான் அழுத்தறாங்க"ன்னு சொல்லிருக்கு. இவ லேப்டாப்ப மூடிட்டு பாத்ரூம் போயி எனக்கு மெசேஜ் போட்டா: "சித்தி, நான் எதை அழுத்தணும்?"

அன்னிக்கு ராத்திரி அக்காட்ட பேசினேன். "எந்த ஃபார்மும் வேணாம், கவர்மென்ட்டுக்கு நம்ம பேரு போகக் கூடாது, அவ ஒரு வருசம் வீட்ல இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்"ங்கறா. ஒரு வருசம் வீட்ல இருந்தா அப்புறம் அவ காலேஜே போகமாட்டாளோன்னு எனக்கு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க.

கணக்குவாத்தியார் | ஜனவரி 12

சகோதரி, முதல்ல ஒண்ணு கேளுங்க. அவ அந்த லேப்டாப்ப மூடினா பாருங்க, அதான் சரி. தப்பா "சிட்டிசன்"னு அழுத்தியிருந்தா, நாளைக்கு அவளுக்கு கல்யாணம் மூலமாவோ வேற வழியிலயோ க்ரீன் கார்டுக்கு ஒரு கதவு திறந்தாக்கூட அந்தப் பொய் வந்து அடைச்சிடும். நான் குடிமகன்னு பொய் சொல்றது குடியேற்றச் சட்டத்துல ரொம்பப் பெரிய குத்தம், மன்னிப்பு வாங்கறதே கஷ்டம். காலேஜ் ஃபார்ம் ஆகட்டும், வேலைக்குச் சேர்ற ஐ-9 ஆகட்டும், எதுலயும் அந்தப் பெட்டிய தொடக்கூடாதுன்னு அவகிட்ட தெளிவா சொல்லிடுங்க.

நான் இங்க ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்கறேன், வருசா வருசம் பசங்களுக்கு இந்த ஃபார்ம் போட உதவி பண்றேன், அந்த அனுபவத்துல சொல்றேன். ஃபாஃப்சா ஃபெடரல் ஃபார்ம், அது அவளுக்கு இல்ல. அவளுக்கு இருக்கறது கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் அப்ளிகேஷன். அது மாநிலத்தோடது, சிஎஸ்ஏசின்னு ஒரு மாநில ஆணையம் நடத்துது. எஸ்எஸ்என் வேணாம், ஃபார்ம போட்டதும் அவங்களே ஒரு ட்ரீம் ஆக்ட் நம்பர் குடுப்பாங்க. காசு கட்ட வேண்டியதில்ல. ரெண்டு ஃபார்மும் சேத்துப் போடக்கூடாது, இவளுக்கு இது ஒண்ணுதான்.

இதுக்கு அடிப்படை ஏபி 540ன்னு 2001ல வந்த சட்டம். இங்க மூணு வருசம் ஹைஸ்கூல் படிச்சு, இங்கயே முடிச்சிருந்தா வெளி மாநிலத்துக்காரங்க கட்டற ஃபீஸ் கட்ட வேண்டாம். யூசில அந்த வித்தியாசம் மட்டுமே வருசத்துக்கு 34,000 டாலருக்கு மேல. அப்ப இந்த சட்டத்துல ஃபீஸ் குறைப்பு மட்டும்தான், உதவித்தொகை கிடையாது. 2011ல ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்ட ட்ரீம் ஆக்ட்தான் 2013ல இருந்து மாநில உதவித்தொகைய இந்தப் பசங்களுக்குத் திறந்துவிட்டது. கால் க்ராண்ட் (மாநிலம் தர்ற உதவித்தொகை), கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸ் தள்ளுபடி, மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப், அந்தந்த காலேஜ் தர்ற க்ராண்ட் எல்லாமே கேக்கலாம். பெல் க்ராண்ட்ங்கற ஃபெடரல் உதவித்தொகை, ஃபெடரல் லோன், ஃபெடரல் வொர்க் ஸ்டடி இதெல்லாம் கிடைக்காது.

கடைசி நாள் மார்ச் 2. இந்த வருசம் அது ஞாயிறு, அதனால மார்ச் 3. நாள தவற விட்டுடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 12வது படிக்கற எல்லாரும் ஃபாஃப்சாவோ ட்ரீம் ஆக்ட் அப்ளிகேஷனோ போட்டாங்களான்னு ஸ்கூல் பாக்கணும்னு இங்க சட்டமே இருக்கு. ஆனா ரெண்டாவது ஃபார்ம் ஒண்ணு இருக்குன்னு வகுப்புல வாய்விட்டுச் சொல்லாம, எல்லாரையும் ஒரே வெப்சைட்ல உக்கார வெச்சா இப்படித்தான் ஆகும். அந்தப் புள்ள பாத்ரூம்ல நின்னு மெசேஜ் போட்டத படிச்சப்ப எனக்கு மனசே ஆறல.

தென்றல்99 | ஜனவரி 13

சார் சொல்றது சட்டப்படி சரியா இருக்கலாம், ஆனா இப்ப நேரம் என்னன்னு பாருங்க. 20ஆம் தேதி ட்ரம்ப்போட புது ஆட்சி வருது. பேரு, பிறந்த தேதி, விலாசம், அம்மா பேரு எல்லாம் நாமளே எழுதிக் குடுத்து, "எனக்கு பேப்பர் இல்ல"ன்னு ஒரு லிஸ்ட்ல போய் உக்காரணுமா? அக்காவோட பயத்த லேசா எடுத்துக்காதீங்க. புள்ளயோட காலேஜுக்காக அம்மா மாட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு அப்புறம் எப்படிப் படிக்கும்? இந்த வருசம் விட்டுட்டு நிலைமை பாத்து அடுத்த வருசம் போடலாமே.

பனங்காய் | ஜனவரி 13

அடுத்த வருசம் எண்டு சொல்லுறாக்களுக்கு என்ர கதையைச் சொல்லுறன்.

நாங்கள் யாழ்ப்பாணம். நான் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரேக்க எனக்கு 9 வயது. அப்பாவின்ர அகதிக் கேஸ் மறுக்கப்பட்டிட்டுது, நாங்கள் அப்படியே இருந்திட்டம். 2009ல ஹைஸ்கூல் முடிச்சன். அங்க ஒரு ஆள் என்னட்ட "உனக்குப் பேப்பர் இல்லை, கொலிஜ் போகேலாது" எண்டு சொல்லிச்சுது. அது பிழை. ஏபி 540 அப்பவே இருந்தது. ஆனா எனக்கு ஆர் சொல்லுறது? வீட்டில அம்மாவும் உங்கட அக்கா சொன்ன மாதிரியேதான், "கொஞ்சம் பொறு ராசா, அடுத்த வருசம் பாப்பம்." நான் பெற்றோல் ஸ்டேஷனில இரவு வேலைக்குப் போனன். பகல் நித்திரை, இரவு வேலை. அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம் எண்டு நாலு வருசம் போட்டுது.

2013ல ஒரு கஸ்டமர் கவுன்டரில நிண்டு கதைக்கேக்க தன்ர மகள் ட்ரீம் ஆக்டில காசு எடுத்துப் படிக்கிறா எண்டு சொன்னா. அந்த மனுசியின்ர பேர் கூட எனக்குத் தெரியாது. அடுத்த நாள் நித்திரை கொள்ளாமல் கம்யூனிட்டி கொலிஜுக்குப் போனன். ஃபீஸ் தள்ளுபடி கிடைச்சுது, அப்ப அதுக்கு பிஓஜி வேய்வர் எண்டு பேர். ஆனா கால் க்ராண்ட் கிடைக்கேல்ல. ஏனெண்டா அது அப்ப ஸ்கூல் முடிச்சு ஒரு வருசத்துக்குள்ள கேட்டால்தான் உரிமையாத் தருவினம், பிந்தி வாற ஆக்கள் போட்டியில நிக்கோணும், அந்தப் போட்டியில எங்களைப் போல ஆக்களுக்கு இடமே இல்லாத மாதிரித்தான். பிறகு கால் ஸ்டேட்டுக்கு மாறினாப் பிறகுதான் அது கிடைச்சுது. 2018ல முடிச்சன், இப்ப கணக்காளரா வேலை. டாக்கா (சின்ன வயதில வந்த, பேப்பர் இல்லாத ஆக்களுக்கு வேலை அனுமதி குடுக்கிற திட்டம்) 2012ல வந்தபடியால் வேலை செய்ய உரிமை இருக்கு. உங்கட பிள்ளைக்கு அது கிடையாது எண்டு தெரியும், 2007 ஜூனுக்கு முதல் வந்திருக்கோணும்.

பயம் பிழை எண்டு நான் சொல்லேல்ல. எனக்கும் இப்ப பயம்தான். ஆனா அந்த நாலு வருசத்தை எனக்கு ஒருத்தரும் திருப்பித் தரேல்ல அக்கா.

தென்றல்99 | ஜனவரி 13

தம்பி, படிச்சேன். வேற எதுவும் சொல்லத் தோணல. ஆனாலும் தகவல் எங்க போகுதுங்கற கேள்விக்கு யாராவது நேரா பதில் சொல்லணும்.

கணக்குவாத்தியார் | ஜனவரி 14

நியாயமான கேள்விதான், தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நூத்துக்கு நூறு உத்தரவாதம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுக்காக எல்லாம் உடனே ஃபெடரலுக்குப் போயிடும்ங்கறதும் உண்மை இல்ல.

ட்ரீம் ஆக்ட் அப்ளிகேஷன் மாநில ஆணையத்துகிட்ட இருக்கு. உதவித்தொகை குடுக்க மட்டும்தான் அந்தத் தகவல பயன்படுத்தறோம்னு அவங்க சொல்றாங்க, குடியேற்றத் துறைக்கு அனுப்பற ஏற்பாடு கிடையாது. அம்மாவோட விசா நிலை என்னன்னு அந்த ஃபார்ம்ல கேள்வியே இல்ல, பேரு, பிறந்த தேதி, வருமானம் அவ்வளவுதான். காலேஜ் கைல இருக்கற பதிவுகள மாணவர் தனியுரிமைச் சட்டம் காக்குது, கோர்ட் உத்தரவு மாதிரி ஒண்ணு இல்லாம தூக்கிக் குடுக்க முடியாது. அதோட இன்னொண்ணு யோசிங்க, அந்தப் புள்ளயோட பேரும் விலாசமும் 2013ல இருந்து ஸ்கூல்ல இருக்கு, அவங்க விசா வாங்கி வந்தவங்க, ஃபெடரல்கிட்ட அவங்க வந்த பதிவு ஏற்கெனவே இருக்கு. இந்த ஃபார்ம்னால புதுசா அவங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நிதானமா பாத்தா பயம் கொஞ்சம் குறையும்.

ஆனா ஒரு இடத்துல நான் தென்றல் பக்கம். அக்கா மேல நாடு கடத்தல் உத்தரவு ஏதாவது இருந்தா, இல்ல கோர்ட் நோட்டீஸ் வந்து போகாம விட்டிருந்தா, முதல்ல ஒரு குடியேற்ற வக்கீல பாருங்க. வக்கீல்னு சொல்றேன், நோட்டரி போர்டு வெச்சிருக்கறவங்கள இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ஒரு "ஏஜென்ட்"கிட்ட 900 டாலர் குடுத்து இந்த இலவச ஃபார்ம போட்டாங்க, அவரு போட்டது ஃபாஃப்சா.

பவளமல்லி | ஜனவரி 19

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். பனங்காய் தம்பி, நீங்க எழுதினத அக்காவுக்கு போன்ல அப்படியே படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கானா"ன்னு கேட்டா. நல்லா இருக்கான்னு சொன்னேன்.

உத்தரவு, நோட்டீஸ் எதுவும் இல்ல, ஒரு வக்கீல்கிட்ட போன்ல பேசி உறுதி பண்ணிக்கிட்டோம். அக்கா இன்னும் முழு மனசா சரின்னு சொல்லல. அவளுக்கு இருக்கற சந்தேகமெல்லாம் இது:

அத்தான் திருச்சில இருக்காரு, விவாகரத்து ஆகல, மாசம் ஏதோ சம்பாதிக்கறாரு. அவரையும் எழுதணுமா? அக்கா வரி கட்டினதில்ல, வருமானம் எப்படிக் காட்டறது? கவர்மென்ட் காசு வாங்கினா பிற்காலத்துல க்ரீன் கார்டு கேக்கறப்ப "அரசுக்குப் பாரம்"னு சொல்லிருவாங்களாமே? அப்புறம் பேரு. பாஸ்போர்ட்ல புள்ளைக்கு சர்நேம் காலி, வெறும் பேரு மட்டும்தான். ஸ்கூல்ல சேக்கறப்ப கிளார்க் கேட்டாங்கன்னு அத்தான் பேர கடைசிப் பேரா போட்டாச்சு. வீட்டுக்கு வர்ற சில பேப்பர்ல அது ஒண்ணாவும் சில பேப்பர்ல இன்னொண்ணாவும் இருக்கு.

கணக்குவாத்தியார் | ஜனவரி 19

அத்தான எழுதணும். பிரிஞ்சோ விவாகரத்து ஆகியோ இருந்தா வேற கணக்கு, நாடு வேறயா இருக்கறதால மட்டும் அவரு விட்டுப் போகமாட்டாரு. இந்த ஃபார்ம்ல கேக்கறது 2023 வருமானம். அவரோட ரூபாய டாலரா மாத்திப் போடுங்க. திருச்சி சம்பளம் டாலர்ல சின்னத் தொகையா வரும், அது உங்களுக்கு நல்லதுதான், மறைக்க வேண்டியதே இல்ல.

அக்கா வரி போடலன்னா "போடல"ன்னே சொல்லலாம், அதுக்கு இடம் இருக்கு. கைக்கு வந்த காச வருசத்துக்கு எவ்வளவுன்னு உண்மையா கூட்டிப் போடுங்க. காலேஜ் பின்னாடி சரிபார்க்கக் கேட்டா ஒரு லெட்டர் எழுதித் தர வேண்டியிருக்கும். ஐடிஐஎன் நம்பர் எடுத்து வரி போடற வழி பத்தி வக்கீல்கிட்ட கேட்டு வைங்க, அது வேற பேச்சு, இப்ப அதுக்காகக் காத்திருக்க வேணாம்.

அரசுக்குப் பாரம்ங்கற விதில படிப்பு உதவித்தொகை வராது. 2022ல வந்த விதிப்படி, மாசாமாசம் வாழ்க்கைச் செலவுக்கு வாங்கற ரொக்க உதவியும், அரசு செலவுல நீண்ட காலம் ஒரு நிறுவனத்துல தங்கறதும்தான் கணக்கு. கால் க்ராண்ட் அதுல இல்ல.

பேரு விசயம்தான் உங்களுக்கு உண்மையான தலைவலி, நம்ம ஊர்ப் பசங்க எல்லாருக்குமே இது வருது. அவளோட ஜிபிஏவ ஸ்கூலே ஆணையத்துக்கு அனுப்பிடும். அங்க ஜிபிஏவும் அப்ளிகேஷனும் பேரு, பிறந்த தேதி வெச்சுத்தான் ஒண்ணு சேரும், ஏன்னா எஸ்எஸ்என் இல்லையே. ஸ்கூல் ரெக்கார்டுல எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே அப்ளிகேஷன்லயும் போடுங்க. இனிஷியல் எங்க வருது, பேருக்கு நடுவுல இடைவெளி இருக்கா, எல்லாம் பாருங்க. ட்ரான்ஸ்கிரிப்ட் (ஸ்கூல் மார்க் பட்டியல்) ஒண்ண வாங்கி பக்கத்துல வெச்சுக்கிட்டு டைப் பண்ணச் சொல்லுங்க.

எடிசன்அம்மா | ஜனவரி 21

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க நியூ ஜெர்சி, எங்க பையனுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை, பத்தாவது படிக்கறான். இங்க இந்த ஃபார்ம் போடலாமா?

கணக்குவாத்தியார் | ஜனவரி 21

கலிஃபோர்னியா ஃபார்ம் உங்களுக்கு ஆகாது, ஆனா உங்க மாநிலத்துலயும் 2018ல சட்டம் வந்திருக்கு, ஆல்டர்நேட்டிவ் ஃபைனான்ஷியல் எய்ட் அப்ளிகேஷன்னு தனி ஃபார்ம், எச்இஎஸ்ஏஏன்னு மாநில அமைப்பு நடத்துது. அங்கயும் மூணு வருசம் ஹைஸ்கூல் படிச்சு முடிக்கணும். நியூயார்க்ல 2019ல இருந்து இருக்கு, வாஷிங்டன்ல டபிள்யூஏஎஸ்எஃப்ஏன்னு ஒரு ஃபார்ம், மின்னசோட்டா, இல்லினாய்லயும் உண்டு. பையன் பத்தாவதுதானே, நேரம் இருக்கு. நடுவுல மாநிலம் மாறாதீங்க, அந்த மூணு வருசக் கணக்கு குழம்பிடும்.

வைகைக்கரை | ஜனவரி 22

எங்க பொண்ணு எச்4ல இருக்கா, விசா செல்லுபடில இருக்கு, க்ரீன் கார்டு வரிசைல 11 வருசமா நிக்கறோம். அவ இந்த ட்ரீம் ஆக்ட் அப்ளிகேஷன் போட முடியுமா?

கணக்குவாத்தியார் | ஜனவரி 22

எச்4 செல்லுபடில இருக்கற வரைக்கும் முடியாது. உங்க குடும்பம் இங்கயே குடியிருக்கறத வெச்சு உள்மாநில ஃபீஸுக்கு மட்டும் காலேஜ்ல கேளுங்க. 21 ஆனதும் என்னங்கறத இப்பவே வக்கீல்கிட்ட பேசிடுங்க, 20 வயசு வரைக்கும் தள்ளாதீங்க. உள்ளபடியே சொல்றேன், சட்டப்படி வரிசைல நிக்கற பசங்களுக்கு ரெண்டு பக்கமும் கதவு இல்லாம இருக்கறது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

பவளமல்லி | பிப்ரவரி 9

போட்டாச்சு!

நேத்து ஸ்டாக்டனுக்குப் போயி அக்கா வீட்டு சாப்பாட்டு மேசைல உக்காந்து போட்டோம். ட்ரான்ஸ்கிரிப்ட பக்கத்துல வெச்சுத்தான் சார், நீங்க சொன்ன மாதிரியே. அத்தான் வாட்ஸ்அப்ல இருந்தாரு, அங்க நடுராத்திரி, சம்பளச் சீட்ட ஒவ்வொரு மாசமா போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டே இருந்தாரு. புள்ள கால்குலேட்டர்ல கூட்டினா. அவ அப்பா மாசம் எவ்வளவு வாங்கறாருன்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுலயும் ஒவ்வொரு மாசமும் இவங்களுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்காரு.

கடைசில பெத்தவங்க கையெழுத்து போடற பக்கம் வந்தது. அக்கா எந்திரிச்சுப் போயி அடுப்புல ஒண்ணுமே இல்லாதப்ப அடுப்பத் துடைச்சுக்கிட்டு நின்னா. நாங்க யாரும் கூப்பிடல. ஒரு பத்து நிமிசம் இருக்கும். அப்புறம் கைய புடவைல துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்து "எங்க போடணும் சொல்லு"ன்னா.

தென்றல்99 | பிப்ரவரி 9

நல்லது பண்ணீங்க. நான் வேணாம்னு சொன்னவதான், ஆனா இத படிச்சதும் சந்தோசமா இருக்கு. அந்தப் பொண்ணுக்கு என் ஆசீர்வாதம்.

பனங்காய் | பிப்ரவரி 10

அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ. கையெழுத்து வைச்ச அண்டைக்கு இரவு என்ர அம்மாவுக்கு நித்திரையே இல்லை.

பவளமல்லி | பிப்ரவரி 24

சார், பிரச்சனை. ஆணையத்தோட மாணவர் அக்கவுண்ட்ல போயி பாத்தா அப்ளிகேஷன் வந்திருக்குன்னு காட்டுது, ஆனா ஜிபிஏ இல்லன்னு காட்டுது. ஸ்கூல்ல கேட்டா அனுப்பிட்டோம்ங்கறாங்க. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு.

கணக்குவாத்தியார் | பிப்ரவரி 24

பேரு ஒட்டல, வேற ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலைல புள்ளய நேரா கவுன்சிலர் ரூமுக்குப் போகச் சொல்லுங்க, ஈமெயில் வேணாம். ஸ்கூல் அனுப்பின ஃபைல்ல எந்தப் பேரு, எந்த பிறந்த தேதி இருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டச் சொல்லணும். நம்ம ஊர்ல நாள் முதல்ல மாசம் அப்புறம் எழுதுவோம், இங்க தலைகீழ், அதுலயும் தப்பு வரும். அப்படியும் ஒட்டலன்னா எஸ்எஸ்என் இல்லாதவங்களுக்கு ஜிபிஏவ தனியா அனுப்பற வழி ஸ்கூலுக்கு இருக்கு, அப்படி அனுப்பச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க.

பவளமல்லி | பிப்ரவரி 27

ஒட்டிருச்சு! நீங்க சொன்னதேதான், ஸ்கூல் ஃபைல்ல அவ பேரு ரெண்டு துண்டா இருந்திருக்கு, நடுவுல இடைவெளி விட்டு பின்பாதி மிடில் நேம்ல போயிருக்கு. ஒரு இடைவெளிக்காக ஒரு வாரம் யாருக்கும் சோறு இறங்கல.

பவளமல்லி | ஏப்ரல் 6

ரெண்டு கால் ஸ்டேட்டும் கிடைச்சிருச்சு, யூசி இல்ல. அவளுக்கு வருத்தம்தான், ஆனா வீட்டுல இருந்தே போற தூரத்துல ஒண்ணு இருக்கு, அங்கதான் போறேங்கறா. கால் க்ராண்ட் பின்னு வந்திருக்கு. ஆனா அதுல முதல் வருசம் 1,648 டாலர்தான் போட்டிருக்கு, ட்யூஷனுக்கு ஒண்ணுமே இல்ல. கால் ஸ்டேட் ட்யூஷன் 6,450. அக்கா மறுபடி பயந்துட்டா. ஏதாவது தப்பாயிருச்சா?

கணக்குவாத்தியார் | ஏப்ரல் 6

தப்பு இல்ல. கால் க்ராண்ட் பி பெரும்பாலும் முதல் வருசம் புத்தகம், பஸ், சாப்பாடு மாதிரி செலவுக்கு மட்டும்தான் தரும், ட்யூஷன் ரெண்டாவது வருசத்துல இருந்து. முதல் வருச ட்யூஷனுக்கு கால் ஸ்டேட்டே ஸ்டேட் யுனிவர்சிட்டி க்ராண்ட்னு ஒண்ணு தரும், ஏபி 540 பசங்களுக்கும் அது உண்டு. காலேஜ் அனுப்பற முழு எய்ட் லெட்டர் இன்னும் வந்திருக்காது, அதுல பாருங்க. ஈஓபின்னு வசதி குறைஞ்ச குடும்பத்துப் பசங்களுக்கு உதவற ப்ரோக்ராம்லயும் கேக்கச் சொல்லுங்க.

இதவிட முக்கியமா, ஏபி 540 உறுதிமொழிப் பத்திரத்த காலேஜ்ல குடுத்தாச்சா? உதவித்தொகை அப்ளிகேஷன் வேற, இது வேற. மூணு வருசம் இங்க படிச்சேன், முடிச்சேன், தகுதி வந்ததும் குடியேற்ற நிலைய சட்டப்படி சரிபண்ண விண்ணப்பிப்பேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றது. இது அட்மிஷன்ஸ்ல பதிவாகலன்னா கம்ப்யூட்டர் அவள வெளி மாநிலம்னு கணக்கு போட்டு பில் அனுப்பிடும்.

பவளமல்லி | ஏப்ரல் 8

குடுக்கல சார், யாருமே சொல்லல. இப்ப குடுத்துட்டோம். காலேஜ்ல இந்த மாதிரிப் பசங்களுக்கு உதவற ட்ரீம் சென்டர்ல ஒரு அம்மா இருக்காங்க, பேப்பர வாங்கி பாத்துட்டு "கவலப்படாதீங்க, நான் கூடவே போய் குடுக்கறேன்"னு நடந்து வந்தாங்களாம். எய்ட் லெட்டரும் வந்திருச்சு, நீங்க சொன்ன க்ராண்ட் ட்யூஷன் முழுசுக்கும் இருக்கு.

டல்லாஸ்குமரன் | ஜூன் 6

இந்தப் பேச்ச ஜனவரில இருந்து படிச்சிட்டு வர்றேன். எங்க டெக்சாஸ்லதான் நாட்டுலயே முதல்ல 2001ல இந்த மாதிரி உள்மாநில ஃபீஸ் சட்டம் வந்தது. இந்த வாரம் ஃபெடரல் அரசு வழக்கு போட்டுச்சு, மாநிலமே எதிர்த்துப் பேசாம ஒத்துக்கிச்சு, அன்னிக்கே கோர்ட் சட்டத்த நிறுத்திடுச்சு. ஒரே நாள்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் மூணாவது வருசம் இன்ஜினியரிங் படிக்கறான், அவனுக்கு ஃபீஸ் இப்ப மூணு மடங்குகிட்ட ஆகப்போகுது. கலிஃபோர்னியாவுக்கும் இது வருமா?

கணக்குவாத்தியார் | ஜூன் 6

குமரன், அந்தப் பையன நினைச்சா வயிறு எரியுது. காலேஜ்ல சொல்லாம கொள்ளாம நிறுத்திட வேணாம்னு சொல்லுங்க, க்ரெடிட் ட்ரான்ஸ்ஃபர், தனியார் ஸ்காலர்ஷிப் எல்லாம் கேட்டுப் பாக்கட்டும்.

இங்க வழக்கு வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு சட்டமும் எழுதின விதம் வேற. டெக்சாஸ் சட்டம் அந்த மாநிலத்துல குடியிருக்கறத வெச்சு எழுதினது. ஏபி 540 குடியிருப்பையே பேசாது, இங்க ஸ்கூல் படிச்சயான்னுதான் கேக்கும். இங்க படிச்சுட்டு வேற மாநிலம் போயிட்டு திரும்பி வர்ற அமெரிக்கக் குடிமகனுக்கும் அதே சலுகை உண்டு. இத வெச்சுத்தான் 2010ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்த சட்டம் செல்லும்னு சொன்னது, அடுத்த வருசம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த வழக்க எடுத்துக்கல. முக்கியமா, இந்த மாநிலம் டெக்சாஸ் மாதிரி விட்டுக் குடுத்துட்டுப் போகும்னு எனக்குத் தோணல.

பவளமல்லி | ஆகஸ்ட் 23

இது நான் இல்ல, என் அக்கா பொண்ணு. சித்தி அக்கவுண்ட்ல இருந்து எழுதறேன், தமிழ் டைப்பிங் ஸ்லோ, தப்பு இருந்தா சாரி.

காலேஜ் ஆரம்பிச்சிடுச்சு. பில்லுல ரெசிடென்சி (உள்மாநில ஃபீஸ்) சரியா இருக்கு. இந்த த்ரெட் ஃபுல்லா சித்தி எனக்கு படிச்சு காட்டினாங்க, பனங்காய் அண்ணா போஸ்ட் ரெண்டு தடவ. அம்மா அந்த கவுன்டர்ல நின்ன ஆன்ட்டிக்காக கோவில்ல அர்ச்சனை பண்ணாங்க, பேரு தெரியாததால "அந்த அம்மா"ன்னு சொல்லி.

கணக்கு சார், எனக்கு ஒரு கேள்வி. வேலைக்கு போக முடியாதுல, ட்ரீமர் சர்வீஸ் இன்சென்டிவ் க்ராண்ட்னு ஒண்ணு இருக்காம், செமஸ்டருக்கு 150 மணி நேரம் வாலன்டியர் பண்ணா 2,250 டாலர்னு ட்ரீம் சென்டர்ல சொன்னாங்க. நான் அதுக்கு கேக்கலாமா? ஹைஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் ட்யூட்டரிங் கணக்குல வருமா?

கணக்குவாத்தியார் | ஆகஸ்ட் 23

கேக்கலாம்மா, கால் க்ராண்ட் பி இருக்கற ட்ரீமர் பசங்களுக்காக வந்ததுதான் அது. மணி நேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீ போற இடம் கணக்குல வருமான்னு ஆணையத்துகிட்ட கேட்டு எழுத்துல வாங்கிக்கோ, மணி நேரத்துக்கு அங்க பொறுப்புல இருக்கறவங்க சாட்சி சொல்லணும். வாரத்துக்கு 10 மணி நேரம் ஆகும், முதல் செமஸ்டர்ல உன்னால தாங்க முடியுமான்னு பாடங்கள பாத்துட்டு முடிவு பண்ணு, மார்க் இறங்கினா க்ராண்டுக்கே ஆபத்து.

அப்புறம் அக்டோபர் 1ல அடுத்த வருசத்துக்கான அப்ளிகேஷன் திறக்கும், இது வருசா வருசம் போடணும். அதே பேரு, அதே எழுத்து. அம்மா கையெழுத்தும் மறுபடி வேணும்.